மூன்றாவது வெளிவாய்

பாப்பாவுக்கு நல்ல செய்தி என்றாலே சந்தேகம் வந்துவிடும். பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் தப்பான பஸ்ஸோ என்று போர்டை இரண்டு தடவை படிப்பாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மீதி கொடுத்தால் நோட்டு கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, காதோரம் நரைத்தாகிவிட்டது, ஆபீசில் எல்லோருக்கும் அவள் மேடம். அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம். அவள் காதில் விழாமல் இருந்தால் சரி.

மழைத்தண்ணீரைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. கூரை, ரோடு, வடிகால், குழாய் எல்லாவற்றையும் திரையில் வரைந்து, மேலே ஒரு பொய் மழையைக் கொட்டினால், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அது சொல்லிவிடும். அதற்கு மாடல் என்று பெயர். "எங்க பாப்பா மாடலிங் பண்றா" என்று அண்ணன் ஒரு கல்யாண வீட்டில் பெருமையடித்துவைக்க, சொந்தக்காரர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அன்று காலை ஆபீசில் வந்த நல்ல செய்தி இதுதான்: மாடலின் கடைசி ஓட்டத்திலும் பள்ளத்துத் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்கவில்லை.

ஊரின் மேட்டில் ஒரு பில்டர் மனை போட்டிருந்தார். அந்த மேட்டிலிருந்து இறங்கும் மழையெல்லாம் காலங்காலமாகக் கீழே உள்ள பள்ளத்துத் தெருவில்தான் போய் உட்காரும். வீடு கட்டுவதற்கு முன்னால் தண்ணீரை மேட்டிலேயே பிடித்துவைக்க ஏற்பாடு செய், செய்ததைக் கணக்கோடு காட்டு என்று நகராட்சி பில்டரிடம் கறாராகச் சொல்லிவிட்டது. அவரும் ரோட்டில் தண்ணீர் இறங்குகிற மாதிரி இடைவெளி விட்ட கற்களைப் பதித்தார். ரோட்டோரம் பள்ளமான பாத்திகள் வெட்டி, மணலும் சரளையும் போட்டுச் செடி நட்டார்; அதற்கு மழைத்தோட்டம் என்று பெயர். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு குளமும் வெட்டினார். இவற்றையெல்லாம் பாப்பாவின் பழைய மாடலில் சேர்க்க வேண்டும். பழைய மாடலில் பள்ளத்துத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சேர்த்த பிறகு, சுத்தமாக ஒன்றுமில்லை.

"சூப்பர்!" என்றார் மேனேஜர். "சாயங்காலம் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. பில்டர் காலைல இருந்து போன் மேல போன்."

பாப்பாவுக்கு மூக்கில் வியர்த்தது. தண்ணீர் குறையும், அது தெரியும். முழங்கால் கணுக்காலாகும். கணுக்கால் பாதமாகும். ஆனால் சொட்டுக்கூட இல்லை என்றால் யாரோ காதில் பூ சுற்றுகிறார்கள்.

யார் என்பதிலும் அவளுக்கு அவ்வளவாகக் குழப்பமில்லை. மழைத்தோட்டங்களையும் கற்களையும் மாடலில் சேர்த்தவன் பக்கத்து மேஜைக்காரன். அவனுக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் பவ்யம். கல்யாணமாகிக் கைக்குழந்தைக்கு அப்பாவான பிறகும் அவள் பக்கத்தில் வந்தால் ஸ்கூல் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "சரிங்க மேடம், நீங்க சொன்னா சரிங்க மேடம்." இத்தனை மரியாதை ஒருத்தனுக்குச் சும்மா வருமா?

இரண்டு வாரமாகவே அவன் போக்கு சரியில்லை. அவள் எழுந்து வந்தால் திரையைச் சட்டென்று மாற்றினான். ஒருநாள் பில்டர் அவனை மாடிப்படியில் ஓரங்கட்டி என்னவோ கிசுகிசுத்தார். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நேற்று அவள் கண்ணெதிரிலேயே மாடல் ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றி சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கேட்டதற்கு "சும்மா, ஒரு காப்பி மேடம்" என்று அசடு வழிந்தான். சும்மா யாராவது காப்பி எடுப்பார்களா?

வேறொரு தெருவாக இருந்தால் பாப்பா இவ்வளவு அடித்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று சொல்ல முடியாது. அவள் சுபாவம் அப்படி. ஆனால் இது அண்ணன் குடியிருக்கும் தெரு.

பள்ளத்துத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு குட்டைச் சுவர் இருக்கும். வாசற்படிக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்துக்கு, சிமென்ட் பூசி. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தான். அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டித்தான் வீட்டுக்குள் போவார்கள். மற்ற தெருக்களுக்கு விருந்துக்குப் போனாலும் வாசலில் காலைக் கொஞ்சம் தூக்குவார்கள் என்று அண்ணி கிண்டலடிப்பாள். போன வருஷம் அதே அண்ணி, கையில் துவைத்த துணிப் பக்கெட்டோடு அதைத் தாண்டும்போது கால் இடறி விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆபரேஷனுக்குப் பிறகும் சக்கர நாற்காலிதான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மட்டும் அண்ணனும் எதிர்வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கிச் சுவரைத் தாண்டி வைப்பார்கள். "மூட்டை இறங்குது, வழி விடுங்க" என்று அண்ணியே கத்துவாள். சிரித்துக்கொண்டே கத்துவாள், பிறகு அந்த வாரம் முழுக்க யாரிடமும் பேச மாட்டாள்.

அண்ணன் அந்தச் சுவரை இடித்துவிட்டுச் சரிவு போட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவன். எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவான். தங்கச்சி சொன்னால் மட்டும் தொட்டுப் பார்க்காமலே நம்புவான். போன ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்துக் கேட்டான்.

"மழைக்காலம் வரப் போகுது பாப்பா. மேல குளமெல்லாம் வெட்டிட்டாங்க. இனிமே தண்ணி வருமா வராதா, ஒரே வார்த்தைல சொல்லு."

"இன்னும் முடியலண்ணா. முதல் ரன்ல வரல. ஆனா நான் இன்னும்..."

"வரலல்ல? போதும்."

"நான் இன்னும் செக் பண்ணலன்னு சொல்றேன்."

"நீ எப்பதான் செக் பண்ணி முடிச்சிருக்க? இட்லிக்கு உப்பு போட்டாச்சான்னே மூணு வாட்டி கேப்ப" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பை அண்ணன் சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டான். இன்று காலை அவள் பஸ்ஸில் இருந்தபோது போன் செய்து, கொத்தனார் கிடைத்துவிட்டார், மத்தியானத்துக்கு மேல் வருகிறார் என்றான். பஸ் இரைச்சலில் அவள் சொன்ன எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

பவ்யம் சாப்பிடப் போனதும் பாப்பா அவன் வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள்.

இந்தத் தொழிலில் ஏமாற்றுவதற்கு வழக்கமான இடங்கள் உண்டு. மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கும் என்பதைக் கூட்டிப் போடலாம். போடவில்லை, குழி தோண்டிச் சோதித்த எண்ணைவிடக் குறைத்தே போட்டிருந்தான். கற்களின் இடைவெளியில் தூசி அடைத்துக்கொள்ளும் என்பதை மறந்ததுபோல் விட்டுவிடலாம். விடவில்லை, பாதி அடைத்துவிட்டதாகவே வைத்திருந்தான். கல் பதித்த பரப்பை ரோட்டுக் கணக்கிலிருந்து ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கழித்துவிட்டால், அந்த இடத்தில் மழையே பெய்யாது. கைதேர்ந்தவர்கள் அதைச் செய்வார்கள். அதுவும் இல்லை. சதுர அடி பிசகாமல் கழித்திருந்தான்.

பாப்பாவுக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. இவ்வளவு யோக்கியமாகச் செய்கிறவன் பெரிதாக எதையோ மறைக்கிறான்.

கடைசியில் அவள் சமையல்கட்டுக் கணக்குக்கு இறங்கினாள். எவ்வளவு மழை கொட்டினேன்? மண் குடித்தது எவ்வளவு? குளத்தில் நிற்பது எவ்வளவு? மாடலைவிட்டு வெளியே போனது எவ்வளவு? எல்லாம் கூட்டினால் கொட்டியது கிடைக்க வேண்டும். கிடைத்தது. சாஃப்ட்வேர் பச்சை விளக்குப் போட்டுச் சிரித்தது. சிரிப்பைக் கண்டால்தான் இவளுக்கு ஆகாதே. வெளியே போனதாமே, எங்கே போனது?

மாடலில் தண்ணீர் வெளியே போக வாய்கள் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்த தண்ணீரை மாடல் கைகழுவிவிடும். அது மேற்கொண்டு எந்தத் தெருவுக்கும் போகாது. இந்த ஊருக்கு இருக்க வேண்டிய வெளிவாய் இரண்டு. ஒன்று ஆற்றில், இன்னொன்று நெடுஞ்சாலை வடிகாலில். எண்ணிப் பார்த்தாள். மூன்று இருந்தது.

மூன்றாவது வெளிவாய், மேட்டு நிலத்தின் ஒரு மூலையில், எந்த ஆறும் எந்த வடிகாலும் இல்லாத இடத்தில் இருந்தது. ஒவ்வொரு மழைத்தோட்டத்துக்கும் அடியில் சரளைக்குள் ஒரு துளைக்குழாய் புதைத்திருப்பார்கள். மண் குடித்தது போக மிச்சத் தண்ணீர் அதன் வழியாகத்தான் குளத்துக்குப் போகும். மாடலில் அந்தக் குழாய்கள் ஒன்றுகூடக் குளத்துக்குப் போகவில்லை. எல்லாம் வரிசையாக அந்த மூன்றாவது வாயில் போய் விழுந்தன. மேட்டு மழையில் பெரும்பகுதி பூமியைவிட்டே காணாமல் போய்க்கொண்டிருந்தது. குளம் காலியாக இருக்காமல் என்ன செய்யும்? பள்ளத்துத் தெரு காயாமல் என்ன செய்யும்?

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் பாப்பாவுக்கு. அதை ஒளிக்க வேண்டாம். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தாள். பவ்யம் கை கழுவிக்கொண்டு வந்ததும் மீட்டிங் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"இது என்ன?"

"வெளிவாய் மேடம்."

"அது தெரியுது. யாரோட வேலை இது?"

பவ்யம் திருதிருவென்று விழித்தான். கையைக் கட்டினான், அவிழ்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"உங்களோடது மேடம்."

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முதல் மழைத்தோட்டம் ஒண்ணு சேத்துப் பாத்தோமே, அன்னைக்கு வச்சீங்க. உங்க லாகின்தான் இருக்கு, பாருங்க. நான் மத்ததைச் சேக்கும்போது, மேடம் வச்ச வாய், சரியாத்தான் இருக்கும்னு எல்லாக் குழாயையும் அதுல கொண்டுபோய் விட்டுட்டேன்."

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. குளத்தின் மட்டம் அளந்து வராத நேரம். ஒரே ஒரு மழைத்தோட்டம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, அதன் குழாயைப் போகிற போக்கில் ஒரு வாயில் சொருகினாள். அளவு வந்ததும் எடுத்துவிடலாம் என்றிருந்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்; எடுத்துவிடவும் செய்வார்கள். ஊரெல்லாம் சந்தேகப்பட்டவள் தன் கையை மட்டும் சந்தேகப்படவில்லை.

"தெரிஞ்சதும் ஏன் சொல்லல?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ரெண்டு வாரமாத்தான் தெரியும். அப்பறம்..." பவ்யம் தரையைப் பார்த்தான். "உங்க அண்ணன் வீடு அந்தத் தெருவுலன்னு தெரியும் மேடம். தண்ணி வராதுன்னு பேப்பர் இருந்தா வீடு நல்ல விலைக்குப் போகும். பில்டர் வேற படிக்கட்டுல புடிச்சு, மேடம் கையெழுத்து போடுவாங்களா, எப்படிப்பட்டவங்கன்னு விசாரிச்சார். நான் என்ன நினைக்கறது? என்மேல பழி வந்துடக் கூடாதேன்னுதான் காப்பி எடுத்து வச்சேன்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைப் போய்? பிறகு அதே கோபத்துக்கு அவனுக்கும் முழு உரிமை இருப்பது உறைத்தது. இரண்டு வாரம் இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. அவள் நாற்காலியை அவனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குளத்தில் சேர்த்தார்கள். மூன்றாவது வாயை அழித்தார்கள். மறுபடி மழையைக் கொட்டினார்கள். குளம் நிரம்பி, கரை தாண்டி, பள்ளத்துத் தெருவில் நீலம் பரவியது. கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ்.

அவள் போனை எடுத்தாள். அண்ணன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. சம்மட்டிச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது!

"நீங்க கிளம்புங்க மேடம்" என்றான் பவ்யம். "மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் பாப்பாவுக்கு அது உறைத்தது. ஏன் அப்படித் துரத்தினான்? என்ன பேசிக்கொள்வான்? "எல்லாம் மேடம்தான்" என்று போட்டுக்கொடுத்துவிட்டால்? பென்டிரைவ் வேறு அவனிடம் இருக்கிறது. பாதி வழியில் மெசேஜ் வந்தது. 'சொல்லிட்டேன் மேடம். வாய் நீங்க வச்சீங்க, குழாய் நான் சேத்தேன், ரெண்டு பேரும் பாக்கலன்னு சொன்னேன். கத்தினார். குளத்தைப் பெருசாக்கணும், பக்கத்து மனை ரெண்டைப் பில்டர் விட்டுத்தரணும்னு எழுதச் சொல்லிட்டார்.' இதில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று மறுபடி மறுபடி படித்துப் பார்த்தாள். இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பள்ளத்துத் தெருவில் சுவர் இல்லை. இருந்த இடத்தில் ஈரச் சிமென்டில் ஒரு சரிவு, நாற்காலி இறங்குவதற்காக அதன்மேல் படாமல் தூக்கிவைத்த ஒரு நீளப் பலகை. கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணி தெருவில் இருந்தாள். நடுத்தெருவில், சக்கர நாற்காலியில், தலையில் பூசின மாதிரி சிமென்ட் தூசியோடு.

"வாம்மா மாடல்! எதிர்வீட்டுக்காரி வாசல் கேட்டுக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கா பாரு. எவ்ளோ கண்றாவியா இருக்கு! இத்தனை நாளா ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லல."

தெருவுக்கு வந்த சந்தோஷம் அண்ணி முகத்தில் அப்படியே தெரிந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூடப் பாப்பாவுக்குத் தோன்றியது. ஆனால் அண்ணன் பலகைப் பக்கத்தில் நின்றுகொண்டு அவளையே பார்த்தான். பாப்பா சொல்லிவிட்டாள், இடித்துவிட்டேன் என்கிற பார்வை.

"அண்ணா, தண்ணி வரும்."

"என்னது?"

"தப்பு நடந்துடுச்சு. என் தப்பு. குளத்தைப் பெருசாக்கினாத்தான் தண்ணி வர்றது நிக்கும். அது இந்த மழைக்குள்ள முடியாது. கணுக்காலுக்கு மேல வரும்."

அண்ணன் முகம் வெளுத்துப் போனது. அவளைத் திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. கொத்தனார் பக்கம் திரும்பினான். "அண்ணே, கிளம்பிடாதீங்க. ஈரம் காயறதுக்குள்ள சுவரைத் திரும்ப எழுப்பிடலாம்."

"எழுப்பு" என்றாள் அண்ணி. "எழுப்பிட்டு என்னை எங்க வைப்ப?"

"உள்ளதான். தண்ணி வராதுல்ல?"

"அன்னைக்குச் சுவரைத் தாண்டி வந்துச்சே ஒரு வாட்டி, நான் என்ன பண்ணினேன்?"

அண்ணனுக்கு அது தெரியும். பாப்பாவுக்கும் அது தெரியும். அன்று தண்ணீர் சுவருக்கு மேலே ஏறியபோது, அண்ணி ஒரே தாண்டாகத் தாண்டி மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அப்போது நல்ல காலோடு இருந்தாள்.

"சுவர் இருந்தா தண்ணி உள்ள வராது, சரி. வந்துடுச்சுன்னா? நீ கடையில இருப்ப. எதிர்வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார். மூட்டையை யார் தூக்கறது?" அண்ணி பாப்பா பக்கம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை. "உன் கம்ப்யூட்டர்ல தண்ணி எங்க போகும்னு இத்தனை மாசமா பாத்தியே, நான் எங்க போவேன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. மாடலில் அண்ணன் வீடு ஒரு சாம்பல் நிறக் கட்டம். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். கட்டத்துக்குள் யாராவது இருக்கிறார்களா, இருந்தால் எப்படி வெளியே வருவார்கள் என்று கேட்க அதில் இடமே இல்லை. எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பாப்பா, அந்தச் சுவரை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. தெருவென்றும் பார்க்காமல் அழுதாள்.

"ஐய, இவ ஒருத்தி" என்றாள் அண்ணி. "தண்ணி வரும்னு சொல்லிட்டு நீயே கொண்டுவராத."

கொத்தனார் தொண்டையைச் செருமினார். வாசலின் இரண்டு பக்கமும் நிலையை ஒட்டிக் காடியாக ஒரு நீளப் பள்ளம் வெட்டிவிட்டால், மழை பிடிக்கும்போது ஒரு பலகையைச் சொருகிக்கொள்ளலாம், வேண்டாதபோது உருவிவிடலாம் என்றார். "உள்ள இருந்து நானே உருவற மாதிரி வைங்க" என்றாள் அண்ணி. அண்ணன் போய் அளவு டேப்பை எடுத்து வந்தான்.

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் பின்னால் போய் நின்றாள்.

"பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரலாமா அண்ணி?"

"எதுக்கு?"

"வழி எப்படி இருக்குன்னு."

"சரிதான், இனிமே ரோட்டையும் சந்தேகப்படப் போறியா? தள்ளு."

தெருமுனைவரை நன்றாகத்தான் போனது. திருப்பத்தில், மழைநீர் வடிகாலின் இரும்பு மூடிக் கம்பிகளுக்கு நடுவே முன்சக்கரம் போய்ச் சிக்கிக்கொண்டது. பாப்பா குனிந்து கம்பி இடைவெளியை விரலால் அளந்து பார்த்தாள். அந்த மூடியை அவள் மாடலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அங்கே அது ஒரு புள்ளி.

"இதையும் எழுதிக்க" என்றாள் அண்ணி மேலேயிருந்து.

பாப்பா சக்கரத்தைத் தூக்கிவிட்டு, மேட்டைப் பார்த்துத் தள்ள ஆரம்பித்தாள்.